விதைப்பானை

அரிசி டப்பாவில் வண்டு வராமலிருக்க வேப்பிலை போட்டு மூடும்போதெல்லாம், விமான் நகரில் நாங்கள் இப்போது குடியிருக்கும் இந்த அடுக்குமாடிகள் வருவதற்கு முன், தொண்ணூறுகளில் இங்கே இருந்த சோளக்காடும், அதன் மூலையில், நாங்கள் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிட்ட சகு மாவ்ஷியின் தகரக் கூரை வீடும், உள்ளே சாணம் பூசி வாய் அடைத்த விதைப்பானையும் நினைவுக்கு வருகின்றன. சாம்பலும் வேப்பிலையும் கலந்து வைத்த அந்தச் சோளத்தை விதைப்பு நாள்வரை யாரும் தொடக்கூடாது. மாவு தீர்ந்துபோன நாட்களில் மாவ்ஷி அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கினாளே தவிர, பானையைத் திறந்ததில்லை.

மாவ்ஷி வீட்டில் நிலத்தைக் கட்டடக்காரர்களுக்குக் கொடுத்துவிட, காட்டில் மனை அளந்து சுண்ணாம்புக்கோடு விழுந்த வருடம், அப்போது நாங்கள் குடியிருந்த ஏரவாடாவிலிருந்து அம்மா வழக்கம்போல என்னைக் கீரை வாங்க அனுப்பினாள். கீரைப் பாத்தி காய்ந்து கிடந்தது. வாசலில் காலிப் பானை. அடுப்படியில் மாவ்ஷி சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். புகையோடு வேப்பிலைக் கசப்பும் வந்தது.

"சாப்பிடு மகளே," என்றாள் மராத்தியில், "இனிமேல் இதை எங்கே கொண்டுபோய் விதைக்க?"

எனக்கு நல்ல பசி. சூடாக இருந்தது. தின்று முடித்து, இன்னொன்று கேட்டேன். போட்டாள்.