ஹட்டன் ஸ்டேஷனில் எடுத்த பன்னிரண்டு படங்கள்

கெமராப் பைத்தியம் என்று தோட்டத்தில் என்னைச் சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதானே. ஐம்பதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து ஆபீஸ் மேசைக்கு வந்தவன், மண்டைக்கனத்துக்குக் குறைவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. போகிறவர்கள் பங்களாச் சாமான்களை முற்றத்தில் பரப்பி விற்பார்கள். மற்றவர்கள் கட்டிலுக்கும் கம்பளிக்கும் முண்டியடிக்கும்போது நான் கெமரா இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படிச் சேர்ந்தவை மூன்று. மூன்றும் யுத்தத்துக்கு முந்திய ஜெர்மன் சரக்கு.

இந்த வகைக் கெமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஓரமாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதில்தான் கண்ணை வைக்க வேண்டும். எதிரே நிற்கிற ஆள் அதில் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக அந்த இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். அப்போது அமுக்கினால் படம் துல்லியமாக விழும். அந்த நொடிக்கு நான் அடிமை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், அருவி, பனிமூட்டம், துரையின் நாய் என்று எதையாவது ஒன்றாக்கிக்கொண்டிருப்பேன். வீட்டு மனிதர்களை மட்டும் எடுத்ததில்லை. அப்பாவைக் கூப்பிட்டால், "படம் புடிச்சா ஆயுசு கொறஞ்சிரும், போடா அங்கிட்டு" என்பார். நானும் விட்டுவிட்டேன். ஒரு அருவிக்காகக் காலெல்லாம் அட்டைக்கடி வாங்கியவன், பெற்ற அப்பனை ஒரு தடவை கெஞ்சவில்லை.

அக்காதான் என்னை வளர்த்தவள். அம்மா போனபிறகு கொழுந்துக் கூடையோடு என்னையும் சேர்த்துச் சுமந்தவள். அவள் புருஷனின், அதாவது என் மச்சானின், இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பம் தள்ளுபடி என்று ஒருநாள் கடிதம் வந்தது. அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இனி இங்க என்ன மசுருக்கு இருக்கணும்?" என்றார். திருச்சிப் பக்கம், அவர் கண்ணாலும் பார்த்திராத சொந்தக்காரர்களிடம் குடும்பத்தோடு போவதென்று முடிவாகிவிட்டது. அப்பாவுக்கு மூச்சிழுப்பு. கப்பல் ஏறுகிற உடம்பில்லை. அதனால் அவர் என்னோடு தங்கினார்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா வந்தாள்.

"தம்பி, நானும் அப்பாவும் சேந்து நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுடா. வேற எதுவும் கேக்கல. போற எடத்துல நான் யார் மொகத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

"ஒண்ணு என்னக்கா, பன்னெண்டு எடுக்கறேன்" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு!

ஆச்சரியம், அப்பாவும் சம்மதித்தார். "அவ மொகம் எனக்கும் வேணும்டா" என்றார். கண்டியில் எடுத்த அக்காவின் பாஸ்போட் படத்தில் ஒரு பிரதி அவரிடம் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. "ஆபீசுக்காரனுக்குப் பயந்து மூஞ்சிய கல்லு மாதிரி வச்சிருக்கா. இது எம்புள்ளையே இல்ல."

அன்றைக்கே லயத்து வாசலில் நிறுத்தி எடுத்திருக்கலாம். நல்ல வெயில் வேறு. எனக்கோ ஸ்டேஷன் வேண்டும், பின்னால் தண்டவாளம் வேண்டும், படம் படமாக இருக்க வேண்டும். அதோடு விட்டேனா? பழகிய கெமராவை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு முன்புதான் கைக்கு வந்த ஒன்றை, இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு உசத்தியானதில்தான் எடுக்க வேண்டுமாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் கெமராவில் லென்ஸ் ஒரு குழாயில் இருந்தது. வேலையில்லாதபோது குழாயை உள்ளே தள்ளிவிட்டால் கோட்டுப் பையில் அடங்கிவிடும். எடுக்கும்போது வெளியே இழுத்து ஒரு திருகு திருகிப் பூட்ட வேண்டும். என்னுடைய மற்ற இரண்டிலும் இந்த ஏற்பாடு கிடையாது. ஹட்டனுக்குப் போகிற வழியில் மூன்று படம் எடுத்துப் பழகிக்கொண்டேன். ஸ்டேஷனில் தூறல் பிடித்தது. குழாயை உள்ளே தள்ளி, கெமராவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

பிளாட்பாரம் முழுக்கத் தகரப் பெட்டிகளும் மூட்டைகளும் அழுகையும். ரயில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தூறல் விட்டது. அவசர அவசரமாக இருவரையும் சேர்த்து நிறுத்திக் கண்ணை ஜன்னலில் வைத்தேன். வளையத்தைத் திருகினேன். இரண்டு அப்பாவும் இரண்டு அக்காவும் நெருங்கி வந்து ஒன்றானார்கள். அக்கா அப்பாவின் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். அவர் அவள் காதில் ஏதோ சொன்னார். அழுது வீங்கிய முகத்தோடு அவள் சிரித்தாள். எல்லாவற்றையும் எடுத்தேன், சொன்னபடி பன்னிரண்டு. ரயில் போனபிறகு அப்பா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அவ சிரிச்சாளே, அத எடுத்தியா?" என்றார்.

"எடுத்தேம்பா."

"அது போதும்."

படம் கழுவித் தருகிறவர் ஹட்டன் பஜாரில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம்; நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த வாரம் போனேன். கழுவிய பிலிம் சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, லென்ஸ வெளிய இழுத்தீங்களா?"

இழுக்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து எடுத்தவன் அப்படியே கண்ணில் வைத்துவிட்டேன். ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. குழாய் உள்ளே கிடந்தாலும் ஜன்னலில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். பன்னிரண்டிலும் சாம்பல் நிறக் கறைகள். எது அப்பா, எது அக்கா என்று பெற்றவர்களாலும் சொல்ல முடியாது. வழியில் பழகிப் பார்த்த மூன்று படம் மட்டும் அற்புதம். தேயிலைச் செடியில் இலையை எண்ணலாம். பாழாய்ப்போன தேயிலைச் செடி!

"ஒண்ணும் செய்ய ஏலாதா நானா?"

"இல்லாத மொகத்த நான் எங்கேருந்து தம்பி கொண்டுவாறது?"

வீட்டு வாசலில் அப்பா காத்திருந்தார். "வந்திருச்சா?"

"இன்னும் இல்லப்பா. கொழும்புக்கு அனுப்பியிருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம், வேறென்ன. அக்காவுக்கும் படம் நன்றாக வந்திருக்கிறது, பிரதி போட்டு அனுப்புகிறேன் என்று எழுதித் தொலைத்தேன். அப்பா அதற்குப் பிறகு நாலு மாதம் உயிரோடு இருந்தார். நாலு மாதமும் கேட்டார்.

அக்கா முகத்தைத் திரும்ப எடுக்க முடியாது, சரி. அப்பா என் கண் முன்னாலேதானே உட்கார்ந்திருந்தார்? மூன்று கெமராவும் அலமாரியில்தானே இருந்தன? ஒருநாள் காலை வெயிலில் வாசலில் உட்காரவைத்து எடுத்திருந்தால் அக்காவுக்கு அவர் முகமாவது மிஞ்சியிருக்கும். எடுக்கவில்லை. கெமராவைத் தூக்கினால், "அதான் ஸ்டேஷன்ல எடுத்தியே, மறுபடி எதுக்கு?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு பதிலுக்குப் பயந்து நாலு மாதத்தையும் கடத்தினேன். நான் செய்ததிலேயே கேவலமான காரியம் இதுதான்.

மழைக்காலத்தில் இழுப்பு முற்றி அப்பா போய்விட்டார். செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டு, சுற்றி நின்று ஒரு படம் எடுப்பது எங்களிடம் வழக்கம். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அனுப்புவதற்காக. லயமே என்னைப் பார்த்தது. பழைய கெமராவை எடுத்து வந்தேன். ஜன்னலில் இரண்டு அப்பா. திருகினேன், ஒன்றானார். மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிகிற மாதிரி படம் விழுந்தது. அதை அக்காவுக்கு அனுப்பினேன்.

அவளுக்கு எழுதத் தெரியாது. யாரிடமோ சொல்லி எழுதவைத்த கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது.

"தம்பி, படம் கெடச்சுது. மூணு நாளா சோறு எறங்கல. அப்பா கண்ண மூடியிருக்காங்க, புள்ளைங்க பாத்துப் பயப்படுதுங்க. அத பெட்டியில வச்சிட்டேன். நீ நல்லா வந்திருக்குன்னு எழுதினியே, ஸ்டேஷன்ல எடுத்தது, அத அனுப்புடா. அதுல அப்பா கண்ணத் தொறந்து என்னையப் பாத்துக்கிட்டு இருப்பாங்கல்ல. அதுக்குன்னு செவுத்துல ஆணி அடிச்சு வச்சிருக்கேன்."