ஆயிரத்து எண்பது வரிகள்

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, கட்டாரில் வேலை செய்த என் மாமா, விடுமுறையில் வந்த சிநேகிதர் ஒருவரிடம் நாற்பது அங்குல எச்டி ரீவி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்கு வந்த முதல் எச்டி ரீவி அதுதான். துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்த அப்பா, பெட்டியைப் பிரிக்கும் முன்பே அயலவர்களைக் கிரிக்கெட் பார்க்க அழைத்துவிட்டார்.

கூரை அன்ரனாவின் வயரைச் செருகியதும் படம் வந்தது. பந்து முட்டை போல உருண்டது. மெலிந்த பந்துவீச்சாளர்கள்கூடக் கலியாண வீட்டுச் சமையல்காரர்களைப் போலப் பருத்து ஓடினார்கள். முகங்கள் கலங்கிக் கிடந்தன. "பழைய ரீவி இதைவிடத் திறம் போல கிடக்கு" என்றார் முன்வீட்டு மாமி, மிகுந்த நாகரிகத்தோடு. தேநீர் முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள்.

"உன்ர தம்பி ஏசி ரூமுக்குள்ள இருந்து உழைக்கிறார். எங்களுக்குப் பழுதானதை அனுப்பியிருக்கிறார்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். பின்னேரம் மாமா தொலைபேசியில் ஆசையாகக் கேட்டபோது அவரிடமும் அதையே சொன்னார். மாமா உடனே தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு மூன்று கிழமையாக அவரிடமிருந்து அழைப்பே இல்லை. அம்மா குசினியில் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சமைத்தார்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த அக்கா, ரீவியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பாவைக் கதிரையில் இருத்தினாள்.

"இந்த ரீவியில ஆயிரத்து எண்பது வரி இருக்கு அப்பா. அன்ரனாவில வாற படத்தில ஐந்நூற்று எழுபத்தாறுதான். மிச்சத்தை ரீவி தானாத்தான் நிரப்புது, அதுதான் கலங்குது. நாலுக்கு மூண்டு அளவில வாற படத்தைப் பதினாறுக்கு ஒன்பதா இழுத்தா ஆக்கள் பருத்துத்தானே தெரிவினம்."

ரிமோட்டில் எதையோ அழுத்தினாள். மனிதர்கள் மெலிந்தார்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைகள் வந்தன. ரீவியை அக்கா வெட்டிவிட்டாள் என்று நான் சண்டை பிடித்தேன்.

அப்பாவுக்கும் நம்பிக்கை வரவில்லை. "அப்ப ஆயிரத்து எண்பது வரியில ஒரு படத்தைக் காட்டு பாப்பம்."

பெட்டியின் அடியில் மாமா ஒரு பென்ட்ரைவ் வைத்திருந்தார். கோபத்தில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. அக்கா பெட்டியைத் துழாவி அதை எடுத்து ரீவியில் செருகினாள்.

திரையில் மாமா வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பின்னால் ஒரு கண்ணாடிக் கட்டடம். "எல்லாரும் சுகமா? எனக்கு இங்க ஒரு குறையுமில்லை" என்று சிரித்தார். சட்டையின் நூலிழையைக்கூட எண்ணலாம் போலிருந்தது. நான் கைதட்டினேன். அவருடைய உதடுகளின் வெடிப்புகளும், கழுத்தில் வெயிலில் கறுத்த கோடும், முழங்காலில் வைத்திருந்த கைகளின் கொப்புளங்களும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தன. ஒரு விரலில் நகமே இல்லை.

"திரும்பப் போடு பிள்ளை" என்றார் அப்பா. இரண்டாம் முறை பார்க்கும்போது அம்மாவும் வந்துவிட்டார். ஈரக்கையோடு திரையில் மாமாவின் விரலைத் தொட்டார்.

அப்பா தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

"தம்பி, ரீவியில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலதான்." நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "ஒப்பந்தம் முடிஞ்சதும் வாரும். இங்க துறைமுகத்தில வேலைக்குக் கதைச்சுப் பாப்பம்" என்றார்.

அம்மா அன்று மத்தியானம் இறால் குழம்பு வைத்து, எனக்கு இரண்டு தரம் பரிமாறினார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ரீவியைத் திருப்பிக் கொண்டுபோகத்தான் மாமாவை வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்து, அவர் வரவே கூடாது என்று மாதாவிடம் விடாமல் செபித்துக்கொண்டிருந்தேன்.