கை வைக்கக் கூடாத மாமரம்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் உப்புக்கும் மிளகாய்க்கும் அடுத்தபடியாகப் புழங்கிய சொல் தடையுத்தரவு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலிருந்து அது ராஜபாளையத்தில் எங்கள் வீடு வரைக்கும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு மாமரம். எங்கள் கொல்லையும் பக்கத்துக் கொல்லையும் சேருகிற இடத்தில் அது நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் என் மாமனாரின் கூடப்பிறந்த தம்பி. மரம் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டு அமீனா வந்து, மரத்தடியில் நின்று, உத்தரவை உரக்கப் படித்தார். வழக்கு முடிகிற வரைக்கும் இரு தரப்பாரும் மரத்தில் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான், தடையுத்தரவு என்றால்.

அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்தான். மாமியார் ஊறுகாய்ச் சாடிக்குத் தடையுத்தரவு போட்டார். என் வீட்டுக்காரர் தன் வெற்றிலைப் பெட்டிக்குப் போட்டார். எனக்குச் சிரிப்பாக வரும். மருமகளுக்கு எந்தக் கோர்ட்டு வேண்டியிருந்தது? மாமனார் முன்னால் நிற்கக் கூடாது, பேசக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் குரலைக் கேட்டதே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு மசக்கை. சோற்றைக் கண்டாலே குமட்டியது. அந்த மரத்துக் காய்தான் வேண்டும் என்று நாக்கு அடம்பிடித்தது. வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு துண்டு நிறைய மாங்காய் வாங்கி வந்து கொடுத்தார். கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினேன்.

"ஏட்டி, ஆசைப்பட்டதத் திங்கலேன்னா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்" என்று மாமியார் வேறு வயிற்றில் புளியைக் கரைத்தார். எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மாமனார் வக்கீலிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஒரு காய் பறிக்க அனுமதி கேட்டுத் தனியாக ஒரு மனுப் போடலாமாம்.

"ஆமா, அது விசாரணைக்கு வாரதுக்குள்ள பிள்ள பொறந்து, அதுவே போயி சாட்சி சொல்லும்" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில் எங்கள் வெள்ளாடு ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், தாழ்ந்த கிளையை இழுத்துக் குழை தின்றது. சின்ன மாமனார் ஓடி வந்தார்.

"அண்ணே, ஒங்க ஆடு உத்தரவ மீறுது!"

"ஏலே, அது வாயத்தான வச்சிருக்கு? கையா வச்சுது?" என்றார் என் மாமனார்.

சின்ன மாமனார் ஆட்டை ஏற இறங்கப் பார்த்தார். பொறவு வீட்டுக்குள் போய்த் தன் ஆட்டையும் அவிழ்த்துவிட்டார்.

இரண்டு ஆடுகளும் குழை தின்ன, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று, எந்த ஆடு அதிகம் தின்கிறது என்று காவல் காத்தார்கள். கதவிடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் உயரத்தில் ஒரே ஒரு காய் தொங்கியது. எங்கள் ஆடு அதை நோக்கி நகர்ந்தது.

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! ஆட்டுக்கு உள்ள நியாயம் எனக்கு இல்லையா? விறுவிறுவென்று கொல்லைக்குள் இறங்கினேன். ஆட்டை இடுப்பால் தள்ளினேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். எக்கி நின்று, காய் கிளையில் தொங்கத் தொங்க, நறுக்கென்று ஒரு கடி கடித்தேன். பல் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது இரண்டு பெரியவர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிரே போய்விட்டது.

"கை வைக்கல" என்றார் சின்ன மாமனார் மெதுவாக. "எங் கண்ணால பாத்தேன். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுதேன்." சொல்லிவிட்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவரச் சொல்லித் தன் வீட்டுக்குக் குரல் கொடுத்தார்.

என் மாமனார் தொண்டையைக் கனைத்தார். தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "ஏத்தா, புளிக்கா?" என்று கேட்டார்.

"நல்லாப் புளிக்கி மாமா" என்றேன், இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.