அண்ணி அளந்த தெரு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன வரும்? நிறுத்தத்தில் சாவகாசமாகச் சில்லறை தேடுபவர், பேசிக்கொண்டே சாலையைக் கடப்பவர், நட்டநடுவே வண்டியை நிறுத்திவிட்டுப் பழம் பேரம் பேசுபவர் எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். யாரையும் பார்த்து வியந்து நின்ற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரே ஒருவர் விதிவிலக்கு. அவர் என் அண்ணி.

அண்ணி தையல்காரர். ஆரம்பப் பள்ளிக்கு நேர் எதிரே பத்துக்குப் பத்தில் அவருடைய கடை. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, மூலையில் உடுப்பு போட்டுப் பார்ப்பதற்குத் திரை கட்டிய ஒரு மறைப்பு. அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையில் முக்கால்வாசி அவர் கையில் தைத்ததுதான். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப் தொங்கும். அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில், "உன் பொண்டாட்டி தூங்கும்போதாவது அதைக் கழட்டுவாங்களா?" என்று நான் கேலி செய்வேன். அண்ணன் சிரிப்பான். அண்ணி என் தோளைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்களுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், தெரியுமா?" என்பார். அளந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்றை, பள்ளி விடும் நேரத்தில் ஒரு கார் அடித்துப் போட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. உயிர் பிழைத்துவிட்டது. தொடையெலும்பு முறிந்து மூன்று மாதம் மாவுக்கட்டில் கிடந்தது. பள்ளிக்குத் திரும்புவதற்கு முன்பு அதன் அம்மா கடைக்கு அழைத்து வந்தார். புதுப் பாவாடைக்கு அளவெடுக்கக் குனிந்த அண்ணி, இடுப்பிலிருந்து வலப்பக்கம் ஒரு தடவை அளந்தார், இடப்பக்கம் ஒரு தடவை அளந்தார். மறுபடியும் இரண்டையும் அளந்தார். பிறகு நோட்டில் ஒரே பாவாடைக்கு இரண்டு நீளங்களை எழுதிக்கொண்டார். ஒரு கால் மற்றதைவிட முக்கால் இஞ்ச் குட்டையாகிவிட்டிருந்தது. அந்தப் பாவாடையைத் தைத்து முடித்த கையோடு அண்ணி கடையைப் பூட்டிவிட்டுச் சாலைத்துறை அலுவலகத்துக்குப் போனார்.

பள்ளியைச் சுற்றி வண்டிகள் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு போடுங்கள் என்பதுதான் அவருடைய மனு. அங்கிருந்த எழுத்தர், "அங்க வண்டி வேகமாப் போகுதுன்னு நீங்க சொன்னா போதுமாம்மா? எவ்வளவு வேகம், எத்தனை நாள், எத்தனை வண்டி? கணக்கு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். தட்டிக் கழிக்கத்தான் கேட்டார். அண்ணி அதை வேலையாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னை எழுப்பினார்.

"வாங்க தம்பி, டேப்போட ஒரு முனைய பிடிக்கணும்."

"என்னத்த அளக்கப் போறீங்க?"

"தெருவ."

கடைக்கு முன்னால் இருக்கும் மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் அறுபது இஞ்ச் துணி டேப்பை வைத்து நாங்கள் இருவரும் தவளை மாதிரி குந்திக் குந்தி அளந்தோம். டேப் முடியும் இடத்தில் அண்ணி தையல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார், நான் என் முனையை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோவேன். பால் வாங்கப் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ரோட்டுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு மானம் போனது. சரியாக நாற்பது டேப். இருநூறு அடி.

அன்றிலிருந்து மெஷினுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, ஒரு வண்டி முதல் கம்பத்தைத் தாண்டியதும் ஒரு தட்டு, இரண்டாவது கம்பத்தைத் தாண்டியதும் ஒரு தட்டு. எத்தனை விநாடி என்று பார்த்து வேகத்தைக் கணக்குப் போட்டு அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுவார். நோட்டின் முன்பக்கத்தில் பிள்ளைகளின் மார்பளவும் தோளளவும், பின்பக்கத்தில் வண்டிகளின் வேகமும். காலையில் பள்ளி கூடும்போது அரை மணி, மாலையில் விடும்போது அரை மணி. ஒரு நாள்கூட விடவில்லை. இரண்டு வாரத்தில் சலித்துவிடும் என்று நான் அண்ணனிடம் பந்தயம் கட்டினேன். எட்டு மாதம் எழுதினார்.

ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நீல வேன், பள்ளி ஆசிரியரின் பைக், சிமெண்ட் லாரி என்று வரிசையாக எழுதியிருந்த பட்டியலில் 'தம்பி, 55' என்று இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் தம்பி, தம்பி.

"என்னையும் எழுதியிருக்கீங்களே அண்ணி! கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சா இப்படியா?"

"நெனைக்கிறதாலதான் பேர் போடாம தம்பின்னு எழுதினேன்."

"நான் நேரத்துக்கு டிப்போ போகணும். லேட்டானா கேள்வி கேப்பாங்க. அந்த வயித்தெரிச்சல் உங்களுக்கு என்ன தெரியும்?"

அண்ணி மெஷினை நிறுத்தினார். பள்ளிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து முன்னூறு மீட்டர் மெதுவாகப் போனால் எனக்கு எவ்வளவு நேரம் கூடுதலாக ஆகும் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். பதினாறு விநாடி. நான் ஒரு நிறுத்தத்தில் தும்மிவிட்டுக் கிளம்பினாலே அவ்வளவு ஆகும்.

"இன்னொண்ணு தம்பி. போன வாரம் உங்க பஸ் நின்னப்ப அளந்தேன். முன்கண்ணாடி தரையிலேர்ந்து நாலரை அடியிலதான் ஆரம்பிக்குது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க மூணேமுக்கால் அடி. பக்கத்துல வந்துட்டா உங்க கண்ணுக்கே தெரியாது."

நோட்டை மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எனக்கு அப்போது கோபம் போகவில்லை. மறுநாளும் ஐம்பதுக்கு மேல்தான் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எட்டு மாதமும் அண்ணி சாலைத்துறை அலுவலகத்துக்கு விடாமல் நடந்ததில் கடைசியாக ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். அன்று எனக்கு வார விடுமுறை. அவர் உடுப்புக்கு மேலே ஒளிரும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, துப்பாக்கி மாதிரி ஒரு வேகக் கருவியுடன் பள்ளி வாசலில் நின்றார். கேட்க வேண்டுமா? தூரத்திலிருந்தே அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வண்டியும் கல்யாண ஊர்வலம் போல ஊர்ந்தது. ஒரு மணி நேரத்தில் எதுவும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

"இங்க பிரச்சனையே இல்லையேம்மா" என்றார்.

"சார், அந்தச் சட்டையக் கழட்டிட்டு என் கடைக்குள்ள வந்து உக்காருங்க."

கடை இருப்பது தெரு லேசாக வளையும் இடத்தில். வருகிற வண்டி கடையைப் பார்த்தேதான் வரும். அவ்வளவு பெரிய அதிகாரி, திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, தொங்குகிற பாவாடைகளுக்கு நடுவே கருவியை நீட்டினார். அண்ணி வழக்கம்போல போனில் தட்டினார். அவர் ஐம்பது என்றால் அண்ணி நாற்பத்தெட்டு என்றார். அவர் நாற்பத்திரண்டு என்றால் அண்ணி நாற்பது. இப்படிப் பத்து வண்டி போனதும் இன்ஜினியர் கருவியை மடியில் வைத்தார்.

"அம்மா, பத்துலயும் உங்க கணக்கு தப்பா வருது. ஒரு மணி நேரம் நான் பாத்தத வெச்சு மட்டும் உத்தரவு போட மாட்டாங்க. பல மாசத்துக் கணக்கு வேணும், அதுக்கு உங்க நோட்ட நம்பித்தான் வந்தேன். இப்ப இதை ஆதாரமா எடுத்துட்டுப் போக முடியாதே. ஃபைலை மூடத்தான் வேண்டியிருக்கும்."

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

"இருநூறு அடி சார். நானே அளந்தேன். தம்பியக் கேளுங்க."

"சத்தியமா நாற்பது டேப் சார்" என்றேன் நானும்.

நல்ல மனுஷர். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே இருநூற்றுப் பத்து அடி வந்தது. அண்ணி நம்பாமல் தன் டேப்பைக் கழுத்திலிருந்து இழுத்து மேஜையில் அவருடைய டேப்புக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார். அண்ணியின் அறுபது, அவருடைய அறுபத்து மூன்றுக்கு நேராக நின்றது. பல வருடமாக இழுத்து இழுத்துத் துணி டேப் மூன்று இஞ்ச் நீண்டுபோயிருக்கிறது.

"ஐயோ, அப்ப நான் தெச்ச உடுப்பெல்லாம்?" என்றார் அண்ணி. அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கவலை.

உடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்பை அளந்ததும் அதே டேப், துணியை வெட்டியதும் அதே டேப். இரண்டும் ஒரே அளவில் பொய் சொன்னதால் ஊரில் யாருக்கும் சட்டை அளவு தப்பவில்லை. அந்த டேப் முதல்முறையாக மாட்டிக்கொண்டது தெருவிடம்தான்.

இன்ஜினியர் நோட்டை மறுபடியும் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டிவிட்டு மெல்லச் சொன்னார்: "அம்மா, தப்பு ஒரே மாதிரி தப்பு. எல்லாத்தையும் அதே விகிதத்துல கூட்டிட்டா சரியாயிடும். அதைவிடுங்க, நீங்க எழுதினது எல்லாமே கொறச்சலா எழுதினது. உண்மை இதைவிட மோசம்."

அப்படியே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்த ஆரம்பித்தார். ஆயிரத்து நானூறு வண்டிகளுக்கு மேல். ஒரு மனுஷி தனியாக, பட்டனுக்குக் காஜா எடுக்கும் இடைவெளியில் இவ்வளவு எழுதியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய அலுவலகம் செய்ய வேண்டிய காரியத்தை ஒரு நீண்டுபோன டேப்பை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார். பிரமித்துப்போய் நின்றேன்.

"தம்பின்னு பதினேழு எடத்துல இருக்கே, அது யாரும்மா? அம்பத்தஞ்சுன்னு போட்டது இப்ப அம்பத்தெட்டு ஆகுது."

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. துணியை மடிப்பது போல எதையோ மடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்" என்றேன்.

உத்தரவு வர இரண்டு மாதமானது. முப்பது என்று இரண்டு பக்கமும் பலகை நட்டார்கள். பிள்ளைகள் கடக்கும் இடத்தைச் சாலையைவிட மேடாக்கி வெள்ளைக் கோடு போட்டார்கள். மற்ற டிரைவர்கள் என்னிடம் வந்து, "உங்க அண்ணி புண்ணியத்துல மாட்டு வண்டி ஓட்டறோம்" என்று குத்திக் காட்டினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் முப்பதில் ஓட்டினேன். உள்ளுக்குள் எரிச்சல் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு ஒரு மாலை. பள்ளி விட்டு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் சாலையில் உருண்டு வந்தது. பின்னாலேயே ஒரு பிள்ளை. நான் பிரேக்கை மிதித்தேன். பஸ் குலுங்கி நின்றது. பிள்ளையைக் காணவில்லை.

கண்ணாடிக்கு வெளியே வெறும் சாலை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து கண்ணாடியில் நெற்றியை முட்டிக் கீழே பார்த்தேன். பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, கருப்புத் தலை ஒன்று குனிந்து பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்து, சட்டையில் துடைத்து, மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் ஓடிக் கூட்டத்தோடு கலந்துவிட்டது. பஸ்ஸை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாத்து ஓட்டக் கூடாதாய்யா, பல்லு ஒடஞ்சிருக்கும்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். தெருவில் யாரும் திரும்பவில்லை. கடைக்குள் அண்ணி குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். நடக்காமல் போன ஒன்றை யார்தான் பார்ப்பார்கள்? அதை அறிந்தவன் அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். ஐம்பத்தெட்டில் வந்திருந்தால் என்று நினைக்கத் தொடங்கி, முடிக்க முடியாமல் விட்டேன்.

டியூட்டி முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. நாற்பது வயதுக்காரன், வாடிக்கையாளர் முன்னால் அழுதேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் சில்லென்றிருந்தது.

"எந்தப் பிள்ளைன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. எல்லாரும் என்கிட்ட அளவெடுக்க வர்றவங்க. தெரிஞ்சா, அந்தப் பிள்ளை முன்னாடி வந்து நின்னா என்னால தாங்க முடியாது."

"எனக்கே தெரியாது அண்ணி. மொகத்தைப் பாக்கல."

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. ஒரே நிறத்தில் முன்னூறு சீருடைகள். இப்போது அந்த மேட்டில் பஸ்ஸை நிறுத்தும்போதெல்லாம், கடந்து போகிற ஒவ்வொரு பிள்ளையையும் அதுவாக இருக்குமோ என்று பார்க்கிறேன்.