ஈரப் பைன் மரமும் ஒரு கட்டில் காலும்

மரக்கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: மரத்தை விற்ற அன்று வாடிக்கையாளருக்கு நம் முகம்கூட நினைவிருக்காது; அதிலிருந்து வண்டுச் சத்தம் கேட்கிற அன்று நம் போன் நம்பர்வரை நினைவு வந்துவிடும். ராமநாதபுரத்தில் ஒரு மர டிப்போவில் பதினோரு வருடமாக பில் போடுகிறேன். புகார் வந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் நான்தான்.

ஐப்பசி லோடு

போன ஐப்பசியில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பட்டையோடு ஒரு லோடு பைன் மரம் வந்தது. ஷெட்டில் இடமில்லாமல் வெளியே அடுக்கினார்கள். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டு மூடினோம். காற்றில்லாமல் மரம் ஊறிப்போய்க் கிடந்தது. ஒரு சாயங்காலம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். உடம்பைவிட நீளமான மீசை வைத்த வண்டுகள் பட்டை மேல் நடந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் பட்டை வெடிப்பில் பின்பக்கத்தை அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றது. முட்டை வைக்கிறது. கோடையில் பட்டை உரிந்து காய்ந்து கிடக்கிற மரத்தை இந்த வண்டு சீண்டாது; ஈரமும் பட்டையும் சேர்ந்தால்தான் முட்டை வைக்கும்.

உடனே பட்டையை உரித்துவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். மழையில் ஆள் வர மாட்டார்கள், விடட்டும் பார்க்கலாம் என்றார். நான் நகராமல் நிற்கவே, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: “நல்ல மரமா இருக்கப் போயித்தானம்மா வண்டு தேடி வருது.”

தை மாதத்துக் கட்டில்

தையில் அதே மரத்தைப் பட்டை சீவி அறுத்தார்கள். பலகை வெளுப்பாக, காய்ந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. தங்கச்சிமடத்திலிருந்து செலின் அக்கா வந்தார்கள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மகள் ஜெனிபர் பிரசவத்துக்கு வருகிறாள், கட்டில் செய்ய வேண்டும் என்றார்கள்.

பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, மரம் நல்லதுதானா என்று என்னைத்தான் கேட்டார்கள். முதலாளி பக்கத்திலேயே நின்றார். நன்றாகக் காய்ந்துவிட்டது அக்கா என்றேன். அது பொய்யில்லை. ஐப்பசியில் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. “நீ சொல்றேல்ல தங்கச்சி, அது போதும்.”

காலுக்குள் சத்தம்

சித்திரையில் போன் வந்தது. கட்டிலுக்குள் ஏதோ கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கிறதாம். வெயிலில் பஸ் பிடித்து, பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். முதலில் எலி என்று நினைத்துப் பெட்டியெல்லாம் நகர்த்தியிருக்கிறார்கள். பிறகு சர்ச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தமும் தெளித்தாயிற்று. சத்தம் நிற்கவில்லை. பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். ஜெனிபர் அந்தக் கட்டிலில் படுக்கப் பயந்து, தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

தலைமாட்டுக் காலில் காதை வைத்தேன். நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. புழு பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். மரம் ஈரமாக இருந்தபோது வைத்த முட்டை. இப்போது காய்ந்துவிட்டதால் புழு மெதுவாகத்தான் வளரும், இந்த வருடமும் வண்டாகி வெளியே வரலாம், அடுத்த வருடமும் வரலாம். வந்தாலும் இந்தக் காய்ந்த மரத்தில் மறுபடி முட்டை வைக்காது என்றேன். ஜெனிபர் பிள்ளையை மடியில் தட்டிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு நாற்பது நாள் கழியாமல் வாசல் தாண்டக்கூடாது என்று கட்டளை. “அப்ப அதுவும் என்னைய மாதிரித்தான் உள்ளயே கெடக்கு, எப்ப வெளிய விடுவாகன்னு தெரியாம.”

பிளந்த பிறகு

கிளம்பும்போது செருப்பைப் போடப் போனவள் திரும்பி வந்தேன். ஐப்பசியில் வண்டு முட்டை வைத்ததைக் கண்ணால் பார்த்தேன், தையில் உங்களிடம் சொல்லவில்லை என்று செலின் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

கட்டில் காலில் ஓட்டை போட்டு மருந்து ஊசி போட்டால் போதும் என்றார் முதலாளி. பச்சைப் பிள்ளை இருக்கிற அறையில் மருந்து வேண்டாம், காலை மாற்றித் தராவிட்டால் இனிப் புகாருக்கு நான் போக மாட்டேன் என்றேன். அவரே போய்ப் பதில் சொல்ல வேண்டிவரும் என்பது உறைத்திருக்க வேண்டும், ஆசாரியை என்னோடு அனுப்பினார். கட்டிலை வெளியே எடுத்து, மற்ற மூன்று காலையும் சட்டத்தையும் தட்டிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தன. கெட்ட காலைக் கழற்றிப் பிளந்ததும் சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளைப் புழு ஒன்று வெயிலில் நெளிந்தது. செலின் அக்கா குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு, போன தடவை பேசாமல் நிறுத்தியதைத் தொடர்கிறவர்கள் மாதிரி, குரலை உயர்த்தாமல் சொன்னார்கள்: “மழையில கெடந்த மரம்னா முன்னாடியே சொல்லிரு தங்கச்சி. நாங்க வாங்கத்தான் போறோம், தெரிஞ்சு வாங்கிட்டுப் போறோம்.”

மொத்தத்தில், ஈரத்தில் முட்டை வைப்பது வண்டு, காய்ந்த பிறகு பேச்சு வாங்குவது நாம். இதற்குப் பெயர் மர வியாபாரமாம்.