கிளினிக் விரதம்

வாய்மொழி வேறுபாடுகளைத் தொகுக்கும் தொழிலில் தவறு என்று ஒன்றில்லை; ஒருவர் சொன்னதெல்லாம் ஒரு வடிவமே. கதைக்கும் தாலாட்டுக்கும் இக்கொள்கை பொருந்தும். தீவுகளின் கைமருந்துகளைப் பதிவுசெய்யப் புறப்பட்ட பின்னரே, இதை நம்பி ஒருவர் சாகவும் கூடும் என்பது எனக்கு விளங்கிற்று. பிறர் வாய் திறக்கும்வரை காத்திருந்து முதுகு நோகும் என் தொழிலினத்தவரே, உங்களுக்காகவே இவற்றை எழுதுகிறேன்.

நெஞ்சுக் குடிநீர்

உள்ளி எனப்படும் வெள்ளைப்பூண்டையும் வேர்க்கொம்பு எனப்படும் சுக்கையும் இடித்து அவித்த குடிநீர் ஒன்றை, நெஞ்சு நோவுக்கென்று தீவுகளில் பலர் குடிக்கிறார்கள். நயினாதீவில் அதற்குக் கொத்தமல்லி சேரும், நெடுந்தீவில் சேராது. தென்னிலங்கையில் கடை வைத்திருந்து ஓய்ந்த மண்கும்பான்காரர் ஒருவர், மிளகும் சீரகமும் பழப்புளியும் சேர்ப்பதாகச் சொல்லி, மற்றவையெல்லாம் பிழை என்று அடித்துக் கூறினார்.

அவருடைய வடிவத்தை நெடுந்தீவுப் பிலோமினாவிடம் சொன்னேன். மாட்டுப்பட்டி வைத்திருக்கும் அவர் ஐம்பதைக் கடந்தவர். எனக்கு வாய்த்த தகவலாளர்களுள் முதல்வர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அதை எழுதி வையாதேங்கோ, மாஸ்டர். அது ரசம்."

விரதம்

பிலோமினாவுக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். இரத்தம் கட்டியாகாதிருக்க நாள்தோறும் ஒரு குளிசை; அதன் அளவு சரியா என்று பார்க்கப் பட்டணத்தில் கிளினிக்கும் இரத்தப் பரிசோதனையும். குளிசைக்கு மேலே குடிநீரையும் அவர் விடவில்லை. ஆனால் கிளினிக் நாள் நெருங்கினால் குடிநீரை நிறுத்திவிடுவார். சீனி வருத்தத்துக்குப் பாகற்சாறு குடிப்போர் செய்வதும் அதுவே. கிளினிக் விரதம் என்று அதற்கு ஊரில் பெயர். வைத்தியர் ஏசுவார் என்ற பயமும், அவர் மனத்தை நோகடிக்கலாகாது என்ற மரியாதையும் அதிற் கலந்திருந்தன. விளைவு என்ன? குடிநீர் கலவாத இரத்தத்தைச் சோதித்து வைத்தியர் குளிசையின் அளவைக் குறிப்பார். வீடு திரும்பியவர் அந்த அளவோடு குடிநீரையும் குடிப்பார்.

அன்று நான் போனபோது பிலோமினாவின் முழங்கைக்கு மேலே கருநீலமாய்க் கன்றியிருந்தது. மாடு இடித்ததாம். பல் விளக்கும்போது முரசு எனும் ஈறிலும் இரத்தம் கசிகிறதாம். அதற்கும் மாடுதான் காரணமோ என்று கேட்டேன். "முரசுக்கு மாடு என்ன செய்யும், மாஸ்டர்? அதுக்கு உப்புத்தண்ணி கொப்பளிக்கிறனான்."

சுவர்

என்னோடு தொகுப்பில் ஈடுபட்டிருக்கும் நண்பரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் பதறியது பிலோமினாவுக்காக அன்று, தொகுப்புக்காக. ஆபத்து என்று நீர் ஒருமுறை சொன்னால், அந்த மனுசி இனி ஒன்றையும் உள்ளபடி சொல்லாது; தொகுப்பவன் சுவர்போல் இருக்கவேண்டும் என்றார். சுவர் செத்தவீட்டுக்குப் போகவேண்டியதில்லை, நான் போகவேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நீர் இப்ப ஆய்வாளர் இல்லை. ஆஸ்பத்திரி மிஸி."

போத்தல்

அந்தத் தாதிப் பட்டத்தை ஏற்றுக்கொண்டு பிலோமினாவிடம் போனேன். குளிசையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், விரதம் இருந்து கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம், உடனே போவோம் என்றேன். படகில் குறிகட்டுவான் துறைக்குச் சென்று பஸ் ஏறினோம். சோடாப் போத்தலில் ஊற்றிய குடிநீர் அவர் மடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவைக் கண்டதும், பிலோமினாவை வழக்கமாகப் பார்க்கும் இளம் வைத்தியரின் முகம் மாறிற்று. இரத்தம் உறையும் தன்மை மிகக் குறைந்திருந்தது. உள்ளே கசியத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். "நாட்டு மருந்து ஒண்டும் குடிக்கிறேல்லைத்தானே?" என்று தாளைப் பார்த்தபடியே கேட்டார். நான் வாய் திறக்குமுன் பிலோமினா போத்தலை மேசையில் வைத்தார். ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று வைத்தியரின் குரல் உயர்ந்தது. பிலோமினா போத்தலை அவர் பக்கம் தள்ளினார். "நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை, டொக்டர். முதலே ஏசிப்போட்டு, இல்லையெண்டு சொல்லுறனோ எண்டு பாக்கிறனீங்கள்."

வைத்தியர் பேனையை வைத்தார். போத்தலைத் திறந்து மணந்து பார்த்தார். என்னென்ன போட்டது, எவ்வளவு குடிக்கிறது என்று இம்முறை பிலோமினாவின் முகத்தைப் பார்த்தே கேட்டார். உள்ளியும் வேர்க்கொம்பும் இந்த அளவிற் சேர்ந்தால் இக்குளிசை எடுப்பவருக்கு இரத்தக் கசிவு கூடலாம், குடிநீரை விடவேண்டும் என்றும், இரத்தம் சீராகும்வரை வார்டில் தங்கவேண்டும் என்றும் சொன்னார். பிலோமினாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கறிக்கு உள்ளி போடலாமோ?"

"வழமைபோலப் போடலாம், அம்மா."

"அப்ப குடிநீரை விடுறன். ஆனா இனி வரேக்கை என்ன குடிச்சனான் எண்டு முழுக்கச் சொல்லுவன். ஏசிறதெண்டால் அதுக்குப் பிறகு ஏசுங்கோ."

நல்லதொரு தகவலாளரை நான் கெடுத்துவிட்டேன் என்று நண்பர் இன்னும் குறைப்படுகிறார். கெட்டுப்போன அத்தகவலாளரோ நாள்தோறும் பட்டிக்குப் போய் மாடுகளை ஏசிவிட்டு வருகிறார்.