எல்லார் போனும் அடிக்கட்டும்

என் அக்காவின் மகளை அவள் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஸ்க்ரூடிரைவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மொட்டை மாடிக்கு மேலே மோட்டார் இருக்கிற சின்ன அறைக்குள் போனதும், நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரின் மேல் வைப்பாள். பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். உள்ளே உருளும் பேரிங் நன்றாக இருந்தால் தூங்குகிறவர் மூச்சு மாதிரி சீராகக் கேட்குமாம். தேய்ந்துபோயிருந்தால் தொண்டை கட்டின மாதிரி கேட்குமாம். கூட வேலை பார்த்த ஆண்களும் இப்படிக் கேட்கிறவர்கள்தான். ஆனால் கேட்டதை அப்படியே காகிதத்தில் எழுதினவள் இவள் ஒருத்திதான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில், ‘பேரிங் மாற்றும்வரை லிஃப்டை நிறுத்தவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சூப்பர்வைசர் அதை அடித்துவிட்டு ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று மேலே எழுதினார்.

“ஏம்மா, நீ என்ன டாக்டரா? காதை வச்சுப் பாத்துட்டு நாள் குறிக்கிறே?”

“டாக்டரா இருந்தா நோயாளிகிட்ட நேரா சொல்லியிருப்பேன் சார். நாம இங்க வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம மூடி வைக்கிறோம்.”

“தெரிஞ்சா பயந்துக்குவாங்கம்மா.”

“பயப்படட்டுமே. படி இருக்குல்ல, ஏறி இறங்கிக்குவாங்க.”

இருபதாம் நாள் அந்த லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றது. ஒரு டீச்சர் இரண்டரை மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார். ஆண்டவன் புண்ணியம், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரணை வந்தபோது சூப்பர்வைசர் எழுதினதுக்குக் கீழே இவள் கையெழுத்து இருந்தது. பழி இவள் தலையில் விழுந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பிறகுதான் ஸ்டார்ட்அப். டிப்ளமோவில் இவளோடு படித்த, கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவனைச் சேர்த்துக்கொண்டாள். அவன் கண்ணாடி சோடா பாட்டிலின் அடிபோல இருக்கும். ஆகவே அவனுக்குக் ‘கண்ணாடி’ என்றே பெயராகிவிட்டது. என் வீட்டு முன்னறைதான் அவர்கள் ஆபீஸ். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்தார்கள். மோட்டாரின் பக்கத்தில் ஒட்டிவைத்தால், இவள் காதால் கேட்டதை அது இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கும். சத்தம் கெட்டால் போன் போடும்.

“நிரந்தர வேலையை விட்டுட்டு பொட்டி செய்யறாளாம் பொட்டி!” என்று என் அக்கா என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். “இவளை யாருடி கட்டிக்குவான்?”

“முதல்ல பொட்டியை மாட்டட்டும் அக்கா. மாப்பிள்ளை அப்புறம் மாட்டுவான்” என்றேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அந்தப் பெட்டி யாருக்குப் போன் போடும் என்பதில்தான் அவள் பிடிவாதம் முழுக்க இருந்தது. லிஃப்ட் கம்பெனிக்கு மட்டும் போடாது. கட்டடத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும், வாட்ச்மேனுக்கும், பெருக்கித் துடைக்கிற அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் போடும். அவள் குரலிலேயே பேசும்: “உங்க லிஃப்ட் மோட்டார்ல சத்தம் சரியில்லை. பாத்து முடிக்கிற வரைக்கும் படியில போங்க.”

முதல் கட்டடத்தில் பெட்டி மாட்டின மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பத்திரண்டு வீட்டிலும் போன் அடித்தது. ஜனங்கள் தலையில் துண்டோடும், கையில் கரண்டியோடும் படி வழியே இறங்கி வந்தார்கள். இவளும் கண்ணாடியும் மேலே ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டியை ஒட்டி இரண்டு புறாக்கள் கூடு கட்டிக் குனுகிக்கொண்டிருந்தன. சத்தம் சுத்தமாக இருக்கட்டும் என்று, எல்லா மோட்டார் அறையிலும் ஜன்னலைச் சாத்தி, புறாவை விரட்டி, தூசி தட்டிவிட்டுத்தான், பெட்டிக்கு நல்ல சத்தம் எது, கெட்ட சத்தம் எது என்று பழக்குகிற சத்தங்களை இவர்கள் பதிவு செய்திருந்தார்கள். பாவம், அந்தப் பெட்டி பிறந்ததிலிருந்து புறா சத்தத்தைக் கேட்டதே இல்லை.

“ஏம்மா, புறா முட்டை போட்டா எங்களுக்கு எதுக்கும்மா தகவல்?” என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவள் நாற்பத்திரண்டு கதவையும் தட்டினாள். “தப்பு எங்களுது. புறாவோடது இல்ல” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கண்ணாடி நொந்துபோய் உட்கார்ந்திருந்தான். “இனிமே முதல்ல நம்ம போனுக்கு மட்டும் வரட்டும். நாம சரிபாத்துட்டு அவங்களுக்குச் சொல்லலாம்.”

“அதைத்தான் அந்த சூப்பர்வைசரும் சொன்னாரு” என்றாள். மூன்று மாதம் புறா, மழை, தண்ணீர் பம்ப், மொட்டை மாடியில் பிள்ளைகள் கோலி உருட்டினது எல்லாவற்றையும் பதிவு செய்து பெட்டிக்குக் கேட்கவைத்தார்கள்.

மூன்றாவது வருஷம் பதினொரு கட்டடம் ஆயிற்று. ஏழு பேர் வேலைக்கு வந்தார்கள். அப்போதுதான் பழைய கம்பெனி அவளைத் தேடிக்கொண்டு வந்தது. வந்தவர் அதே சூப்பர்வைசர். இப்போது பெரிய அதிகாரி. என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். உங்கள் கம்பெனியை மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம், ஏழு பேருக்கும் வேலை உண்டு, உனக்குத் தனி அறை உண்டு என்றார். நிபந்தனை ஒன்றே ஒன்று: பெட்டி போடுகிற போன் கம்பெனிக்கு மட்டும்தான் வரவேண்டும்.

அக்கா சமையலறை வாசலில் நின்று, ‘சரின்னு சொல்லுடி’ என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

“பொட்டி எத்தனை வேணும்னாலும் வாங்கிக்குங்க சார்” என்றாள் இவள். “போன் நம்பர் லிஸ்ட்டை மட்டும் தொட விடமாட்டேன்.”

“இன்னும் அப்படியே இருக்கியேம்மா! தொழில்ல இவ்வளவு முரண்டு ஆகாது.”

“உள்ள நிக்கிறது அவங்க. அவங்க உசுரைப் பத்தின சேதி அவங்களுக்குத்தான் முதல்ல போகணும்.”

அவர் போனபிறகு, இவளுக்குக் கொஞ்சம் பணிவைக் கொடு என்று கடவுளிடம் கேட்டேன். உடனே, வேண்டாம் சாமி, இவள் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று திருத்திக்கொண்டேன்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. வெளி ஆள் பெட்டி மாட்டின லிஃப்டை இனிமேல் பராமரிக்க மாட்டோம் என்று, அவர்களே பராமரித்துவந்த அந்தப் பதினொரு கட்டடத்துக்கும் கடிதம் போட்டது. நாலு கட்டடங்கள் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டன. மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்களை அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முதல் கட்டடமும் கூட்டம் போட்டது. அதுவும் போய்விட்டால் மற்றவர்களும் வரிசையாகக் கழற்றிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கண்ணாடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்துக்கு முப்பத்தெட்டு வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒருவராக வந்திருந்தார்கள். செயலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, “வீட்டுக்கு ஒரு கை. எண்ணிடலாமா?” என்றார்.

“வாட்ச்மேனும் பெருக்குற அம்மாவும் கை தூக்கணும் சார். அவங்களுக்கும்தான் போன் வருது” என்று எழுந்தாள் இவள்.

“அவங்க வீட்டுக்காரங்க இல்லையேம்மா?”

“லிஃப்ட் விழுந்தா யாரு வீட்டுக்காரங்கன்னு கேட்டுட்டா சார் விழும்?”

பின்னால் இருந்து ஒரு பெரியவர், “அட, அவங்களும்தான் தூக்கட்டுமேய்யா” என்றார். செயலாளர் ‘சரி’ என்று தலையாட்டினார்.

கழற்றலாம் என்று பத்தொன்பது கைகள். வேண்டாம் என்று முதலில் பத்தொன்பது கைகள். வாட்ச்மேன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் கையையும் தூக்கினார். பெருக்கித் துடைக்கிற அம்மா வாளியைக் கீழே வைத்தாள். “வாளியோட ஒரு நாளைக்கு முப்பது தடவை இதுல ஏறி இறங்கறவ நான். என்னை மதிச்சு வர்ற ஒரே போன் அதுதான்” என்று சொல்லிக்கொண்டே ஈரக்கையைத் தூக்கினாள். பெட்டி கழறவில்லை.

கம்பெனி சொன்னபடியே பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. அங்கிருந்து வெளியே வந்த இரண்டு மெக்கானிக்குகளைச் சேர்த்துக்கொண்டு அந்த லிஃப்டை இவளே பார்த்துக்கொள்கிறாள். மிச்சமிருந்த ஆறு கட்டடங்களும் அதற்குப் பிறகு அவள் பக்கம் சாய்ந்தன. பெரிய லாபம் ஒன்றும் கிடையாது. அக்காவின் புலம்பலும் குறைந்தபாடில்லை.

போன வாரம் அந்த அதிகாரி மறுபடி போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“கடைசியா கேக்கறேன்மா. லிஸ்ட்ல எங்க நம்பர் மட்டும் இருக்கட்டும். என்ன சொல்றே?”

“உங்க நம்பரை நேத்தே சேத்துட்டேன் சார்” என்றாள்.

“ரொம்ப சந்தோஷம்!”

“ஏழு கட்டடத்துலயும் சேத்திருக்கேன். இனிமே சத்தம் கெட்டா, வாட்ச்மேனுக்கு அடிக்கிற அதே நேரத்துக்கு உங்களுக்கும் அடிக்கும். எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம்.”